ஒரு மூக்கின் ஆட்சி

என் வீட்டுக்காரர் சம்பளம் வாங்கிக்கொண்டு பிஸ்கட் தின்கிறார். சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்புகிறவர்கள் பொறாமைப்படுகிறார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் சுவை பார்ப்பதற்கென்றே ஒரு அறை இருக்கிறது. வட்ட மேசை, ஐந்து நாற்காலி, ஆளுக்கொரு டம்ளர் வெந்நீர், ஆளுக்கொரு பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். சரக்கு நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மூன்று பேர் சிவப்பை அமுக்கினால் அந்தச் சரக்கு கிடங்கை விட்டு வெளியே போகாது.

ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று ஆரம்பத்தில் நடுவே பலகைத் தடுப்பு வைத்திருந்தார்களாம். தடுப்பு இருப்பதால் ஏசி காற்று மூலைக்கு வரவில்லை என்று ஒருவர் முனகினார். மற்ற நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தடுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து அந்த அறையை ஆண்டது ஒரு புருவம்.

புருவத்துக்குச் சொந்தக்காரர் அங்கே மூத்தவர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, புருவம் சார் என்றுதான் சொல்வார்கள். அவருடைய இடது புருவம் ஒரு நூல் ஏறினால் நாலு விரல்கள் சிவப்புக்குப் போகும். ஏறாவிட்டால் பச்சை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லோரும் சுதந்திரமாகத்தான் புருவத்தைப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இந்த ஏற்பாடு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. ஓட்டலுக்குப் போனால் பக்கத்து மேசையைக் காட்டி, "அவங்க சாப்பிடுறதே எனக்கும்" என்று சொல்கிற ஆள் அவர். துணிக்கடையில் விற்பவர் "இந்த நிறம் உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டில் அதே நிறத்தில் ஏழு சட்டை இருப்பது மறந்துவிடும். சமையலில் உப்பு போதுமா என்று கேட்டால், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே போடும்மா" என்பார்.

அதனால் நான் கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஒரு கரண்டி நீட்டுவேன், அவர் மூக்கைப் பார்ப்பேன். பிடிக்காத எது வாயில் பட்டாலும் இடது பக்கம் லேசாகத் துடிக்கும். அப்படி ஒரு துடிப்பு தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் யாரையாவது கேட்டுக்கொண்டு துடிக்க ஆரம்பிப்பார்.

நான் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். வெட்டி முடித்ததும் வாடிக்கையாளர் தன் தலையையா முதலில் பார்க்கிறாள்? கண்ணாடிக்குள் கூட வந்த தோழியின் முகத்தைத்தான் பார்க்கிறாள். தோழி சிரித்தால் தலை நன்றாக இருக்கிறது. தோழி உதட்டைச் சுழித்தால் நான் தொலைந்தேன். ஆகவே உலகத்தில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கொஞ்சம் அதிகம்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி வந்து சேர்ந்தான். போகிற இடமெல்லாம் ஏதாவது ஒரு வகுப்பில் சேர்ந்துகொண்டு, நாலு பேரையும் சேர்த்துவிடுகிற பிறவி. "மாமா, 'உன் மனசுக்கு நீயே ராஜா'ன்னு ரெண்டு நாள் வகுப்பு. நீங்க வந்தே ஆகணும்" என்றான். இவருக்குப் போக மனமே இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. போனார்.

அங்கே ஒரு மண்டபம் நிறைய ஆட்களை நிற்க வைத்து, "நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்" என்று ஒரே குரலில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இவர் பக்கத்தில் இருப்பவர் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். இதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று இன்றுவரை என் தம்பிக்குப் புரியவில்லை.

வகுப்பில் சொன்ன முக்கியமான பாடம் இது: உன் முகத்தைப் படிக்கிறவன் உன்னை ஆள்வான், ஆகவே முகத்தில் எதையும் காட்டாதே. மறுநாளிலிருந்து என் கடைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பயிற்சி. உதட்டை ஒட்டி, மூக்கை இறுக்கி, கண்ணைக் கூடச் சிமிட்டாமல் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பார். தலைக்குச் சாயம் போட வந்த ஒரு அம்மா, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு என்ன?" என்று என் காதில் கேட்டார். "ராஜாவாயிட்டு இருக்கார்" என்றேன்.

அந்த வாரம் வீட்டுச் சமையல் சீரழிந்தது. கரண்டியை நீட்டினால் எதிரே ஒரு சுவர். எது கூட, எது குறைவு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது, அதுவும் அவர் மூக்கு மேல்.

ஒரு நாள் சாயங்காலம், நான் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"இதைத் தின்னு பாரேன்."

கடித்தேன். நாளெல்லாம் சாயத்தோடு கிடந்த எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. என்ன சொல்வது என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கல். அப்போதுதான் எனக்கே உறைத்தது: என் வாயில் இருப்பது எப்படி இருக்கிறது என்று நான் இன்னொருவர் மூக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகிறேன். வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியலைங்க. உங்களுக்கு என்ன?"

"பழைய எண்ணெய் வாடை அடிச்சுது. முதல் கடியிலேயே. ஆனா புருவம் ஏறலை. அஞ்சு பேரும் பச்சை. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"சரக்கு போயிடுச்சா?"

"ராத்திரி லாரி ஏத்துறாங்க." குரல் இறங்கிப்போயிருந்தது. "குழந்தைங்க திங்கிறது."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். புருவம் சார் நின்றிருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன். இடம் இல்லாமல் முடி வெட்டும் இன்னொரு நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தபடி பக்கம் பக்கமாக, வெட்ட வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று இவரிடம் கேட்டார். "இந்த வாரம் முழுக்க உங்க மூக்கு அசையவே இல்லையே."

"என் மூக்கா?" என்று திருதிருவென விழித்தார் இவர்.

புருவம் சார் தலையைக் குனிந்துகொண்டார். "போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுல எனக்கு வாசனை போயிடுச்சு. நாக்கும் மந்தமாயிடுச்சு. திரும்பி வரும் வரும்னு பார்த்தேன், வரலை. வேலை போயிடுமேன்னு வெளிய சொல்லலை. உங்க மூக்கு துடிச்சா என் புருவத்தை ஏத்துவேன். இல்லைன்னா சும்மா இருப்பேன். இத்தனை நாளா ஒரு சரக்குகூடத் தப்பாப் போகலை. இன்னிக்கு அந்தப் பிஸ்கட்டைக் கடிச்சிட்டு உங்களைப் பார்த்தா, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. நிம்மதியா இருக்க முடியலை. சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு பேர் புருவத்தைப் பார்க்க, புருவம் இவர் மூக்கைப் பார்க்க, இவர் மறுபடி புருவத்தைப் பார்க்க, ஒரு வருஷமாக அந்த அறையை ஆண்டு வந்த ராஜா என் வீட்டுக்காரர்தான். ஆட்சி நடப்பது தெரியாமலேயே ஆண்டிருக்கிறார். ராஜாவாக வகுப்புக்குப் போனார், ராஜ்யம் கவிழ்ந்தது.

இவர் சொன்னால், ஐந்து பேரும் பச்சை அமுக்கியது ஏன் என்று கேள்வி வரும், பெரியவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் லாரி போய்விடும். அவர் கண் கண்ணாடிக்குள் என் முகத்தைத் தேடியது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். நான் ஒரு இமை அசைத்தால் போதும், சொல்லிவிடுவார். ஆனால் அது என் வாக்காக இருக்கும்.

வாய் துறுதுறுத்தது. இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, சுத்தமாக இருந்த சீப்பையெல்லாம் மறுபடி சுத்தம் செய்தேன். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கெட்ட வாடை சார்" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பச்சையை அமுக்கினேன்."

போனை எடுத்தார். கிடங்கில் இருந்தவரிடம் லாரியை நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது எனக்கே கேட்டது: "யார் சொன்னது, புருவம் சாரா?"

"இல்லை" என்றார். "நான்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுப் பெரியவரிடம் சொன்னார்: "நாளைக்கு மேனேஜர்கிட்ட என் தப்பை நான் சொல்லிடுவேன் சார். உங்க விஷயத்தை நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும்." புருவம் சார் எழுந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் என் வீட்டுக்காரரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கத்தான் சீப்போடு மல்லுக்கட்டினேன்.

மறுநாள் மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பெரியவரும் அவராகவே போய்ச் சொல்லிவிட்டார். வேலை போகவில்லை, பிஸ்கட் உடையும் சத்தத்தை வைத்து மொறுமொறுப்பு பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். காதுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. சுவை அறையில் பலகைத் தடுப்பு திரும்பி வந்துவிட்டது. ஏசி காற்று வராத மூலை இவருடையது. வேர்க்க வேர்க்கத் தின்கிறார், தனியாக அமுக்குகிறார்.

மேனேஜரிடம் திட்டு வாங்கி வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் பழக்கதோஷத்தில் அவர் மூக்கைப் பார்த்தேன். அது அசையவில்லை.

"உப்பு தூக்கல்" என்றார். வாயால்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா நாளையிலேருந்து நீங்களே சமைச்சுக்கோங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலேயே சாப்பிட்டு முடித்தார்.