அத்தானின் ரயிலும் மாப்பிள்ளையின் மலையும்

பல் டாக்டருக்கு உலகத்திலேயே பிடித்தவை இரண்டு: பிறர் வாயைத் திறப்பதும், தன் மாடியறையில் பொம்மை ரயில் ஓட்டுவதும். ரயில் மன்றத்தின் கண்காட்சிக்காக அவர் ஊர், ஆறு, ஸ்டேஷன் எல்லாம் வைத்து ஒரு மேஜை செய்தார். மலையும் சுரங்கமும் உள்ள இன்னொரு மேஜையை, விளம்பரப் பலகை செய்யும் மைத்துனனிடம் ஒப்படைத்தார். இரண்டையும் மண்டபத்தில் சேர்த்துவிட்டால் ரயில் ஊரிலிருந்து மலைக்குப் போகும். அதுதான் திட்டம்.

கண்காட்சியன்று மேஜைகளைச் சேர்த்தார்கள். டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவருடைய தண்டவாளம் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. மைத்துனனுடையது அதைப் போல இரண்டு மடங்கு.

"மாப்ளே, என்னடா இது?"

"நீங்க சொன்ன அளவுதான் அத்தான். ஓ."

"நான் எச்-ஓன்னு சொன்னேன்டா!"

"இல்ல. போன் பண்ணி 'ஏய், ஓ'ன்னீங்க. ஏன் அதட்டுறாருன்னு எனக்கே வருத்தமாத்தான் இருந்துச்சு."

டாக்டருக்கு நினைவு வந்தது. அன்று முகக்கவசத்தைக் கழற்றாமல், ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டியபடி பேசியிருந்தார்.

"ஒரு எழுத்துதானே அத்தான்?"

"அந்த ஒரு எழுத்துலதான்டா குடி முழுகிப்போச்சு! எச்-ஓன்னா நிஜ ரயில்ல எண்பத்தேழுல ஒரு பங்கு. ஓன்னா நாப்பத்தெட்டுல ஒரு பங்கு."

"எண்பத்தேழுதானே பெருசு? அப்போ உங்க ரயில்தானே பெருசா இருக்கணும்?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். தையல்கடை வைத்திருக்கும் அவர் மனைவி இடையில் புகுந்தாள். "தம்பி, ஒரு துணிய நாப்பத்தெட்டாக் கிழிச்சா துண்டு பெருசா, எண்பத்தேழாக் கிழிச்சா பெருசா?"

மைத்துனன் யோசித்தான். முகம் மலர்ந்தது. "அட, இவ்வளவுதானா! இத ஏன் அத்தான் மொதல்லயே சொல்லல?"

அதற்குள் மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். டாக்டரின் ஸ்டேஷன் வாசலில் மைத்துனன் ஏற்கெனவே தன் மேஜைக்குச் செய்த, பச்சைக்கொடி பிடித்த ரயில் கார்டு பொம்மையை நிறுத்தியிருந்தான். அது அங்கே நின்ற பயணிப் பொம்மைகளைப் போல ஒன்றே முக்கால் மடங்கு உயரம். கதவுக்குள் தலை நுழையாது.

"இந்த ஆளு மட்டும் ஏன் பனைமரம் மாதிரி இருக்காரு?" என்று கேட்டாள் முதலில் வந்த ஒரு பெண்.

"அவர் மேலதிகாரிங்க," என்றான் மைத்துனன் கூசாமல். "சுத்தி நிக்கிறவங்க எல்லாம் தற்காலிகப் பணியாளர்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கூட்டம் கூடியது. கூடவே மன்றச் செயலாளரும் வந்துவிட்டார். வெளியே தள்ளிவிடுவார் என்று டாக்டர் நடுங்கினார். செயலாளர் இரண்டு தண்டவாளங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ துடித்தது.

"அளவு வித்தியாசத்த விளக்க ஒரு மேஜை போடுங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சினேன். யாரும் காதுல போட்டுக்கல. நீங்க சொல்லாமலே செஞ்சுட்டீங்களே!"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி அவர் காலை மிதித்தாள்.

மாலைவரை டாக்டரின் ரயில் மேஜை விளிம்புவரை போய், மலையை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் பின்னோக்கியே திரும்பியது. வந்தவர்களுக்கெல்லாம் மைத்துனன் துணி கிழிக்கும் கணக்கைச் சொன்னான். நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது அது அவனே கண்டுபிடித்ததாகிவிட்டது. டாக்டர் முதலில் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே மேலதிகாரியை ரயில் கூரைமேல் உட்காரவைத்து ஓட்டிக் கைதட்டல் வாங்கினார்.

மூட்டை கட்டும்போது சண்டை மறுபடி தொடங்கியது.

"அடுத்த வருஷம் எல்லாமே ஓ அத்தான். கண்ணுக்கு நல்லாத் தெரியுது."

"எச்-ஓ. இனி பேச்சே கெடையாது."

"ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு மேஜையத் தூக்குங்க," என்றாள் மனைவி. "அது ஒண்ணுக்கு ஒண்ணு அளவு. கனமாத்தான் இருக்கும்."