லூசுக்கு ஒரு சாட்சி

அகராதி அலுவலகத்தில் உதவிப் பதிப்பாசிரியர் மூன்று மாதமாக ஒரே சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சொல், லூசு. இங்கிலீஷ்காரன் தளர்ந்ததற்கு வைத்த பெயர். நம் ஆட்கள் கைக்கு வந்ததும் தொளதொளச் சட்டைக்கு ஆயிற்று, பொட்டலம் கட்டாத சரக்குக்கு ஆயிற்று, வயிற்றுப்போக்குக்குக்கூட ஆயிற்று. கடைசியில் தலைக்கு ஏறியது. மரை கழன்ற ஆளெல்லாம் லூசு.

அந்தக் கடைசிப் பொருளைத்தான் தலைமைப் பதிப்பாசிரியர் வெட்டப் பார்த்தார்.

"நல்ல குடும்பத்துல யாருய்யா இப்படிப் பேசுறாங்க? சொன்ன ஆளோட கையெழுத்தோ முத்திரையோ சாட்சிச் சீட்டுல இருக்கணும். அஞ்சு மணிக்குள்ள வரலேன்னா அடிச்சிடுவேன்."

உதவிப் பதிப்பாசிரியருக்கு ரத்தம் கொதித்தது. ஊரே வாய்நிறையச் சொல்வதை அகராதி மட்டும் காதில் விழாத மாதிரி நடிப்பதா? சீட்டும் கையுமாகக் கடைத்தெருவுக்கு ஓடினார். பேனா பிடித்த ஆளைக் கண்டதும் வரி ஆபீஸ் என்று நினைத்து, "வாங்க சார், உட்காருங்க சார்" என்று கடைக்குக் கடை குழைந்தார்கள். ஒரு வாயிலிருந்தும் ஒரு வசவு உதிரவில்லை.

நாலரைக்கு ஆணிக்கடையில் நுழைந்தார். முதலாளி அக்கா திருகாணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்னை ஒருதரம் லூசுன்னு திட்டுங்களேன்."

அக்கா ஏற இறங்கப் பார்த்தார். "காலைலேர்ந்தே இப்படித்தானா? போய்யா லூசு!"

"ஆஹா! அப்படியே இதுல ஒரு கையெழுத்து."

"வாயால ஆயிரம் சொல்லுவேன். கையெழுத்துன்னா எங்கப்பா கேட்டாலும் கிடையாது."

"சொன்னவங்கதான்க்கா போடணும். விதி."

"என்ன பொல்லாத விதி? சரக்கைக் கொடுத்தவனா கையெழுத்துப் போடுவான்? வாங்கினவன்ல போடணும்!"

டெலிவரி புத்தகத்தை இழுத்தார். கார்பன் வைத்து எழுதினார்: லூசு (திட்டு), உருப்படி ஒன்று. கடை முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"இந்தா, சேர்ந்துச்சுன்னு போடு."

அஞ்சுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சீட்டு தலைமையின் மேசையில் விழுந்தது. முத்திரை கொட்டை எழுத்தில் இருந்தது. அவரே போட்ட விதி. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பொருளுக்கு ஒப்பம் வைத்தார். வைத்த பிறகுதான் சீட்டின் அடியில் அச்சடித்திருந்த வரியைப் பார்த்தார்.

"'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"ஆமா சார்," என்றார் உதவி. "துளி சேதாரமில்லாம வந்துச்சு."