ஓவியாவின் தைமஸ்

என் மகள் ஓவியாவுக்கு எட்டு வயது, ரத்தப் புற்றுநோய். போன ஆவணியில் மதுரையில் அவள் அண்ணன் புகழேந்தியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். நோய் போனது. ஆனால் கொடுத்த மருந்துகளில், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி சுருங்கிவிட்டதாம். கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் அங்கேதான் தேறி வருமாம். மிச்சமிருக்கும் முன்னோடிச் செல்கள் பெருகி அந்தச் சுரப்பியை மறுபடி வளர்க்க ஒரு வருஷமாவது ஆகும், அதுவரை சாதாரண அம்மைகூட ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

நான் தாயில்பட்டியில் பட்டாசுக்கு மருந்து கலப்பவன். சொன்னதைச் சொன்னபடி செய்யாவிட்டால் என் வேலையில் உயிரோடு வீடு திரும்ப முடியாது. ஓவியாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினேன். முசுடு என்று ஏசினார்கள். ஏசட்டுமே.

பங்குனியில் அடுத்த தெரு வேலுத்தாய் மகனுக்கு அம்மை போட்டது. அம்மை இறங்கி அவனுக்கு முதல் தண்ணி ஊற்றிய அன்று, என் பெண்டாட்டி அழகுமீனா என்னிடம் சொல்லாமல் அங்கே போயிருக்கிறாள். அவன் படுக்கையில் கிடந்த வேப்பிலையை ஆத்தா பிரசாதமென்று முந்தானையில் முடிந்து வந்து, மஞ்சளோடு அரைத்து ஓவியாவின் நெஞ்சில் பூசியிருக்கிறாள். டாக்டர் தொட்டுக் காட்டிய அதே இடத்தில். சுரப்பி சீக்கிரம் வளரட்டும் என்றுதான்.

பதினாலாம் நாள் காய்ச்சல். மறுநாள் உடம்பெல்லாம் கொப்புளம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்ப, அழகுமீனா கதவை மறித்தாள்.

"ஆத்தா இறங்கியிருக்கா. இப்பப் போயி ஊசி குத்தினா கோவப்படுவா. நில்லுங்க."

அப்போதுதான் இலை விஷயமும் வெளியே வந்தது. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். தோளில் கிடந்த ஓவியா பயந்து அழுதாள். கையை இறக்கிக்கொண்டு அழகுமீனாவைத் தள்ளிவிட்டுப் போனேன்.

மதுரையில் சேர்த்த நாலாம் நாள் அம்மை நுரையீரலுக்கு இறங்கியது. ஐந்தாம் நாள் காலையில் ஓவியா போய்விட்டாள்.

காகிதங்களில் கையெழுத்து வாங்க வந்த டாக்டரிடம், சேர்த்த அன்று எடுத்த ரத்தத்தின் முடிவும் இருந்தது. தைமஸ் வளரத் தொடங்கியிருந்தது, புது அணுக்கள் தெரிகின்றன, இன்னும் ஆறு மாசம் கிடைத்திருந்தால் என்று இழுத்தவர், கையெழுத்துப் போட்ட காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னாலேயே பஸ் ஏறி வந்து ஐந்து நாளும் வார்டு வாசலிலேயே கிடந்த அழகுமீனா என் சட்டையைப் பிடித்தாள்.

"அப்ப நான் பூசுனது வீண் போகலதானங்க?"

அவளை அங்கேயே கொன்று போடலாம் போல ஆத்திரம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல, வீண் போகல" என்றேன்.