இஷ்ரத்தின் ரோஸ் அறை

துபாயிலிருந்து வந்து இறங்கிய தன் அத்தாவைப் பார்த்து என் மகள் இஷ்ரத் கேட்ட முதல் கேள்வி, “இந்த மாமா எப்பம்மா போவாக?” என்பதுதான். பெட்டியில் கட்டியிருந்த கயிற்றைக்கூட அவர் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. பாவம், சிரித்துச் சமாளிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. என் வீட்டுக்காரர் சம்சுதீன் புதுவயல் ரைஸ் மில் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறியபோது அவள் என் வயிற்றில் இருந்தாள். இப்போது தொண்ணூற்றாறாம் வருஷம். அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. போட்டோவில் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒரே ஆள்தான் என்று நம்ப அவள் தயாராக இல்லை. அவர் கூப்பிட்டால் என் சேலைக்குள் ஒளிவாள். தூக்கினால் கத்தி ஊரைக் கூட்டுவாள். இரண்டு மாத லீவு முடிவதற்குள் பிள்ளை ஒரு தடவையாவது ‘அத்தா’ என்று கூப்பிட்டுவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் நான் சொல்லிக்கொடுத்து அவள் சொன்னால் அது கணக்கில் சேராது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பேக்கரியில் பாட்டிலில் விற்கும் ரோஸ்மில்க் என்றால் அவளுக்கு உயிர். அதைத் தெரிந்துகொண்டு அவர் தினமும் சாயந்தரம் ஒன்று வாங்கி வந்தார். பாட்டிலை வாங்கிக்கொள்வாள், ஆளைக் கண்டுகொள்ள மாட்டாள். காரைக்குடியில் பிறந்த பிள்ளைக்கு வியாபாரம் தெரியாமலா போகும்?

அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பின்பக்க அறையை அவளுக்கென்று ஒதுக்கி, ரோஸ்மில்க் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, மேலே காகித நட்சத்திரங்களைத் தொங்கவிட வேண்டுமாம்.

“ஆள் வச்சு அடிக்கலாமே மச்சான்?” என்றேன்.

“எம் மகளுக்கு நான்தான் அடிப்பேன்.”

அவர் அடித்த லட்சணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சாப்பாட்டு மேசை, அதன் மேல் முக்காலி, அதன் மேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர். டேபிள் ஃபேனின் பிளக் உடைந்திருந்தது. வயர் நுனியை உரித்து சாக்கெட்டில் சொருகி, நழுவாமல் இருக்க இரண்டு தீக்குச்சிகளையும் சேர்த்து அடைத்திருந்தார். ஈரப் பெயின்ட்டில் தூசி ஒட்டும் என்று ஜன்னலை வேறு சாத்திவிட்டு அந்த நெடியிலேயே நின்றார். இத்தனைக்கும், துபாயில் கட்டட வேலையில் ஹெல்மெட்டும் இடுப்பு பெல்ட்டும் மாட்டாமல் கேட்டைக்கூடத் தாண்ட முடியாது என்று தெரு முழுக்கப் பெருமை பேசியவர்.

“அந்த பெல்ட்டை இங்குட்டும் கொண்டாந்திருக்கலாம்ல?”

“போ புள்ள. இது என்ன சைட்டா? நம்ம வீடுதானே.”

ஊருக்குத்தான் உபதேசம். நான் மெயினை அணைத்துவிட்டுத் தீக்குச்சிகளைப் பிடுங்கி எறிந்தேன், ஜன்னலைத் திறந்தேன், ஒரு பாட்டம் திட்டினேன். அவர் விசிலடித்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனார்.

ஹார்டுவேர் கடையில், பெயின்ட்டில் கலக்கும் தின்னரைச் சில்லறையாக அளந்து ஊற்றுவார்கள். பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் பேக்கரி பாட்டிலுக்கா பஞ்சம்? கையில் கிடைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்திருக்கிறார். பிரஷ் கழுவிய தின்னரைக் கீழே கொட்ட மனசு வராமல் திரும்பவும் அதே பாட்டிலில் ஊற்றி வாசல்படியோரம் வைத்திருக்கிறார். பெயின்ட் கலந்து அது அச்சு அசல் ரோஸ்மில்க்காகவே இருந்தது. இஷ்ரத்துக்குத் தினமும் ரோஸ்மில்க் வரும் நேரமும் அதுதான்.

நான் சாயந்தரம் அஸர் தொழுகையை முடித்துவிட்டு எழுந்தபோது இருமல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளை கண்கள் பிதுங்க இருமிக்கொண்டிருந்தாள். வாயிலும் கவுனிலும் ரோஸ் நிறம், கையில் பாட்டில், பக்கத்தில் நிற்க முடியாத தின்னர் நெடி. நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி அக்கா ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நொடி நிற்கவில்லை. எங்கள் அடுப்படிக்குள் புகுந்து ஒரு சொம்பில் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“வாயத் தொற. குடிச்சு வாந்தி எடுத்தா எல்லாம் வெளிய வந்துரும்.”

நானும் பிள்ளையின் தலையைப் பிடித்துவிட்டேன். அதற்குள் என் வீட்டுக்காரர் மேசையிலிருந்து குதித்து வந்து சொம்பைத் தள்ளிவிட்டார்.

“குடுக்காதீக அக்கா! வாந்தி எடுக்க வைக்கவே கூடாது!”

“என்னப்பா சொல்ற? விசத்த உள்ளயே வச்சிருக்கவா?”

“இது எண்ணெய் மாதிரி. மேல ஏறி வரும்போது நெஞ்சுக்குள்ள எறங்கிருச்சுன்னா புள்ள மூச்சு விடாது. சைட்டுல சொல்லிக்குடுத்திருக்காக.”

சைட்டில் நடத்திய அந்தப் பாதுகாப்பு வகுப்பில் பாதி நேரம் தூங்கியதாக அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். தூங்காத பாதியில் இது வந்திருக்கிறது. அல்லாஹ் பெரியவன்.

அவள் வாயைத் துடைத்தார். நனைந்த கவுனைக் கழற்றிவிட்டு மேலெல்லாம் கழுவினார். “ஆரிபா, அந்த பாட்டில எடு, டாக்டர்ட்ட காட்டணும்,” என்று சொல்லிக்கொண்டே அவளைத் தோளில் நிமிர்த்திப் பிடித்தபடி தெருவுக்கு ஓடினார். ஆட்டோவில் போகும்போது அவள் இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது யார் கழுத்து என்று பார்க்கும் நிலையில் அவள் இல்லை. நாக்கு நுனிவரை வந்த சாபத்தையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

“வாந்தி எடுக்க வச்சீங்களா?”

“இல்ல சார்.”

“நல்ல வேலை செஞ்சீங்க. ஒரு மடக்குதான் போயிருக்கும்போல. ஆனாலும் நாளைக்குக் காலைல வரைக்கும் பார்க்கணும். மூச்சு இரைக்குதான்னு கவனிச்சுக்கிட்டே இருங்க.”

அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கையெல்லாம் ரோஸ் பெயின்ட் காய்ந்திருந்தது.

“நான் டிக்கெட்ட முன்னாடியே மாத்திக்கிட்டுப் போயிர்றேன் ஆரிபா. அவளுக்கு மாமாவாவே இருந்துட்டுப் போறேன். நான் இருந்தா புள்ளைக்கு ஆகாது.”

எனக்கு வந்ததே கோபம்.

“போயிட்டா மிச்சச் செவுத்த யாரு அடிக்கிறது? தப்புச் செஞ்சா ஓடுறதா வழி? இருங்க. இருந்து ஒழுங்காச் செய்ங்க. எம் புள்ளைக்கு அத்தா வேணும், ஓடிப்போற ஆளு வேணாம்.”

அவர் எழுந்தார். உள்ளே போய்க் கட்டில் ஓரமாக நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

காலையில் டாக்டர் மறுபடியும் எக்ஸ்ரே பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இட்லி கொடுக்கலாம், மத்தியானம் கூட்டிப் போகலாம் என்றார். அதற்குப் பிறகுதான், பொன்னுத்தாயி அக்கா தூக்கில் கொண்டுவந்திருந்த காபியை நான் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் இஷ்ரத் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். வரவில்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“அத்தா, அந்த ரோஸ்மில்க் கெட்டுப்போச்சு.”

காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினேன். வெளியாளிடம் யாரும் இப்படிக் குறை சொல்ல மாட்டார்கள். சொந்த ஆளிடம்தான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்வார்கள்.

“ஆமாம்மா, கெட்டதுதான்,” என்றார். “அத்தாதான் கண்ட எடத்துல வச்சுட்டேன். இனிமே வைக்க மாட்டேன்.”

“பசிக்குது.”

“இந்தா, இட்லி வாங்கிட்டு வாரேன்,” என்று அவர் கிளம்பினார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க இருங்க. அம்மா போகட்டும்.”

பெற்று, இத்தனை வருஷம் ஒற்றை ஆளாய் வளர்த்த என்னை ஒரே சொல்லில் கடைக்கு விரட்டிவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. அப்படி ஒரு சந்தோஷம். அந்தக் காபித் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு இட்லி வாங்கப் போனேன்.