மயிலிறகுத் தக்கை

சின்னாத்தாள் கோபித்துக்கொண்டு பிறந்த ஊரான சத்தியமங்கலத்துக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. காரணம் கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். தூண்டில் தக்கைக்காக எவளாவது புருசனை விட்டு வருவாளா என்றார்கள். சிரிக்கட்டும். அவள் செய்தது சரி என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

அங்கப்பன் நல்ல மனுசன்தான். குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. தூண்டில் விஷயத்தில் மட்டும் தலைக்கனம். முள்முருங்கைக் கட்டையை எலுமிச்சம்பழம் அளவுக்குச் செதுக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தூண்டில் நூலில் தக்கையாகக் கட்டிக்கொண்டு, தன்னை மிஞ்ச ஆளில்லை என்று திரிவான். ஒருநாள் சின்னாத்தாள் மயிலிறகின் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு முனையையும் தேன்மெழுகால் அடைத்து, ஒரு தக்கை செய்து அவனிடம் நீட்டினாள். அவனுடைய சேக்காளிகள் நாலு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "மயிலிறகைச் சாமிக்கு வெப்பாங்க, மீனுக்கு வெப்பாங்களா?" என்று சிரித்துக்கொண்டே அதை வெந்நீர் அடுப்பில் போட்டான். அன்றைக்கே அவள் மூட்டை கட்டிவிட்டாள்.

இன்று காலை பவானி ஆற்றில் துணி துவைக்கப் போனவள் அவனைப் பார்த்தாள். வீட்டுக்கு வராமல் ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்து கூப்பிட மாட்டான். பெரிய மீனாகப் பிடித்து மாமியார் கையில் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்து வந்திருக்கிறான்.

மீனுக்கு அந்த நினைப்பு இல்லை. அது இரையைக் கவ்வும். மேலே கட்டை கனமாக இழுபடுவது தெரிந்ததும் துப்பிவிட்டுப் போய்விடும். சிவப்புத் தக்கை ஆடி ஆடி நின்றது. நாலு சேலை துவைத்து முடிக்கும்வரை சின்னாத்தாள் பொறுத்தாள்.

"ஏனுங்க, மீன் ருசி பாத்துட்டுப் போவுது. தெரியலீங்களா?"

"தண்ணி கலங்கலா இருக்குது அம்மணி. அதான்."

"தண்ணி மேல பழியப் போடாதீங்க."

சுருக்குப்பையில் இந்த வாரம் செய்த மயிலிறகுத் தக்கை ஒன்று இருந்தது. அவன் கையிலிருந்து நூலை வாங்கி, சிவப்புத் தக்கையை அவிழ்த்து அவன் மடியில் போட்டாள். தன்னுடையதைக் கட்டி, நூலில் எடைக்குக் கோத்திருந்த ஈயத் துணுக்கைப் பல்லால் நெருக்கிவிட்டாள். தக்கை தண்ணீரில் நெட்டுக்குத்தலாக நின்றது. ஒரு நெல் நீளம்தான் மேலே தெரிந்தது.

"இதென்ன, கண்ணுக்கே தெரியல."

"மீனுக்கும் தெரியாதுங்க."

கொஞ்ச நேரத்தில் அந்த நெல் நீளமும் காணாமல் போனது. அங்கப்பன் சுண்டினான். முழங்கை நீளக் கெண்டை கரையில் விழுந்து துள்ளியது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த ஆறுச்சாமி, சின்னாத்தாளின் தம்பி, அதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான். குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் கரையேறி வந்தார்கள்.

"எப்ப வந்தீங்க மச்சான்? நல்ல மீனுங்க." நூலைத் தூக்கிப் பார்த்தான். "இந்தத் தக்கை யாருங்க செஞ்சது?"

சின்னாத்தாள் பிழிந்துகொண்டிருந்த சேலையோடு அப்படியே நின்றாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அவன் தனியாகவே ஊர் போய்ச் சேரலாம்.

அங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உன்ற அக்கா செஞ்சது மாப்ள. மொதல்லயே ஒண்ணு செஞ்சு குடுத்தா. நாலு பேருக்கு முன்னால அதை அடுப்புல போட்டுப்போட்டேன். என்னைய விட நல்லாச் செய்யறான்னு சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் வரல."

குளிக்க வந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னான். சின்னாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு நாள் கட்டிக்காத்த கோபம் போன இடம் தெரியவில்லை. மீனை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள்.

"இதை ஆத்தாகிட்டக் குடு. ஈரத்துணியெல்லாம் ஊட்டுல காயப் போடு. அப்பறமா வந்து எடுத்துக்கறேன்."

"ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டுப் போ அக்கா. எங்க போற?"

"எங்கூட்டுக்கு."

தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் அங்கப்பனுக்கு முன்னால் நடந்தாள்.