மூச்சால் வியர்க்கும் செவலை

உச்சியேறிய கதிரவன் இறங்கும் எண்ணமே இல்லாதவன்போல் நெடுநேரம் நிலைத்திருக்க, நகர்ப்புறத்து நெடுஞ்சாலை கானல் நெளியக் கிடக்க, சாலையோரக் கடைகள் கதவைப் பாதி சாத்திக் கண்ணயர, அச்சாலை முடியுமிடத்தில், தகரக் கூரை வேய்ந்த மாட்டுக்கொட்டில் ஒன்று, நாற்புறமும் நனைந்த கோணித்திரைகளால் மூடுண்டு, நீர் சொட்டச் சொட்ட நின்றது. தமிழ்ச்சுவை அறிந்தோரே, அதனைச் சற்று நின்று காணுங்கள். அவ்வேனிலில் அவ்வட்டாரம் முழுதும் வாயோயாது புகழ்ந்த கொட்டில் அதுவே.

அதன் உடையவர் ஐம்பதை எட்டிய பால்காரர், பருத்த உடலினர், ஒரு குடம் நீரைச் சுமந்து இறக்குமுன் மறுகுடம் வியர்த்து ஊற்றிவிடுபவர். எதனையும் தம் கையாலேயே கட்டித் தம் வாயாலேயே மெச்சிக்கொள்பவர் ஆதலின், அக்கம்பக்கத்தார் அவருக்குப் 'பொறியாளர்' என்று பட்டம் சூட்டியிருந்தனர். அதனைக் கேலி என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அனற்காற்று எள்ளளவும் புகாவண்ணம் நாற்பது கோணிகளை நெருங்கத் தைத்துத் தொங்கவிட்டு, கூரையின்கீழ் ஊசித்துளைக் குழாய்களை ஓட்டிப் பனிபோல் நீர் தூவச் செய்தது அவர் கைவண்ணம். அந்நுட்பத்தைக் கண்டு தாமும் அவ்வாறே கட்டுவதற்காக, பக்கத்துக் கொட்டில்காரர் அன்று பிற்பகல் வருவதாய் இருந்தார். காலை முதலே பொறியாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கொட்டிலில் பன்னிரண்டு பசுக்கள். அவற்றுள் செவலை, பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்து, பொறியாளரின் விரலைச் சப்பிப் பால்குடிக்கப் பழகியது. இப்போது தலைச்சினை நிறைந்து, இன்னும் ஒரு கிழமையில் ஈன வேண்டியது. பெற்ற பிள்ளையைக்கூட இத்தனை முறை தடவிக் கொடுத்திருக்க மாட்டார் என்று வீட்டில் அவரைக் குறை சொல்வார்கள். நண்பகலில் திரையை விலக்கி உள்ளே வந்தவர், அதன் சிவந்த முதுகில் முத்து முத்தாய் நீர் அரும்பி நிற்கக் கண்டு உளம் பூரித்தார்.

அதன் அருகே, கறவை வேலையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அவர் தங்கை, செவலையின் விலாவிலிருந்து கண்ணெடுக்காமல் அமர்ந்திருந்தாள்.

“பாத்தியா தங்கச்சி, எப்படி வேர்த்திருக்குன்னு. உடம்பு நல்லாக் குளுந்திருச்சு.”

“அது வேர்வை இல்லண்ணே, உன் குழாய்த் தண்ணி. மாடு உன்னை மாதிரி வேர்க்காது. சூடு ஏறினா மூச்சு வாங்கித்தான் தணிச்சுக்கும். காலையில நிமிஷத்துக்கு அம்பது மூச்சு விட்டுச்சு. இப்ப நூத்தி இருபது.”

அப்போதுதான் அவர் உற்று நோக்கினார். செவலை கழுத்தை நீட்டி, நாவைத் தொங்கவிட்டு, நுரை ஒழுக இளைத்துக்கொண்டிருந்தது. ஏனைய பசுக்களும் படுக்க மாட்டாமல் நடுவில் நெருக்கியடித்து நின்றன. நீர்த்தூவலை விரும்பியே அவை அங்கே கூடின என்று காலையில் அவரே பெருமை பேசியிருந்தார். ஆயினும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மாட்டைப் பற்றித் தமக்கே பாடமா என்றார். திரையை எடுத்தால் அனலில் வெந்துவிடும் என்றார். தங்கை அடுத்த மணித்துளியின் மூச்சுகளை எண்ணத் தொடங்கினாள். அந்த எண்ணிக்கைதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

விருந்தினர் வருகிறாரா என்று பார்ப்பவர்போல் அவர் வெளியே வந்தார். உள்ளே ஒரு துளியும் உலராமல் உடலெங்கும் வழிந்த வியர்வையின்மேல் அனற்காற்று வந்து மோதியது. மோதிய கணமே பிடரி சில்லிட்டது. பொறியாளர் அப்படியே நின்றுவிட்டார். நனைவது குளிர்ச்சியன்று, நனைந்தது உலர்வதே குளிர்ச்சி என்பது அவருக்கு விளங்கியது. மேனியெல்லாம் வியர்க்கும் தமக்கே உள்ளே அந்தப் பாடு என்றால், மிகக் குறைவாய் வியர்த்து மூச்சையும் நம்பி வாழும் உயிர் என்ன செய்யும்? நீரால் நிறைந்து அசையாது நின்ற காற்றைத்தானே அது இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது! அவர் இடுப்புக் கத்தியை உருவினார்.

அந்நேரம் பார்த்து, தோளில் கோணிமூட்டையுடன் பக்கத்துக் கொட்டில்காரர் சாலை திரும்பி வந்தார். பொறியாளரின் கை தாழ்ந்தது. சற்றுப் பொறுத்தால் வந்தவர் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார். பிறகு கழற்றினால் யாருக்குத் தெரியும்? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அதற்குள் திரைக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

“அண்ணே, செவலைக்கு முட்டி மடியுது.”

முதற்கயிறு அறுந்தது.

“என்னங்க, பாக்க வந்தா அறுத்துத் தள்றீங்க?” என்றார் வந்தவர்.

“நான் கட்டினது தப்புங்க. மூட்டைய இறக்கிட்டு, அந்தப் பக்கக் கயித்தை நீங்க அறுங்க.”

கோணிகள் சரிந்தன, அடைபட்ட ஆவி வெளியேற, காற்று கொட்டிலின் ஊடே ஓடியது. நெருங்கி நின்ற பசுக்களை ஓட்டாமல் மெல்லப் பிரித்து நிறுத்தி, தூவலை அடைத்து, மயிரின் அடிவரை தோல் நனையக் குடம் குடமாய் ஊற்றி, காற்றில் உலரவிட்டு, உலர்ந்ததும் மீண்டும் ஊற்றினர். இரை செரிக்கையில் வயிற்றினுள்ளும் வெம்மை எழும் ஆதலின், தீவனத்தை வெயில் தாழும்வரை தள்ளிவைத்தாள் தங்கை. நூற்றுப்பத்து என்றாள், தொண்ணூறு என்றாள், நெடுநேரம் கழித்து, எழுபது என்று சொல்லும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். பொழுது சாயும் வேளையில் செவலை தானே படுத்து அசைபோட்டது.

ஆறாம் நாள் காலை அது ஒரு கன்றை ஈன்றது. சேதி கேட்டு வந்த பக்கத்துக் கொட்டில்காரர், திறந்து கிடந்த நாற்புறத்தையும் கண்டு, இப்போது என்ன புதிதாய்க் கட்டுகிறீர் என்று வினவினார். ஈரங்காயாத கன்றின் விலாவில் உள்ளங்கையை வைத்திருந்த பொறியாளர், எண்ணிக்கை தவறிவிடும், பேசாதீர் என்று கையமர்த்தினார். கட்டியதைப் பலர் மெச்ச நிற்பது எளிது. அதனைப் பலர் காண அறுத்துவிட்டு, ஓர் உயிரின் மூச்சுக்குக் காதுகொடுத்து அமர்ந்திருந்தாரே, அவர் கட்டியவற்றுள் நிலைத்தது அந்தத் திறந்த வெளிதான். அதன் வழியே காற்று இன்றும் வந்து போகிறது.