உம்மா அரிசி

முஸ்தாக் தன் அரிசிக்குப் பேர் தேடி அலைகிறான் என்று கேள்விப்பட்டபோது றிஸ்லாவுக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற உம்மாவின் வீட்டையே சத்தமில்லாமல் எழுதி எடுத்தவனுக்கு ஒரு பையில் எழுத நாலெழுத்து கிடைக்கவில்லையாம்.

முஸ்தாக் அவளுடைய கூடப்பிறந்த காக்கா, மூத்தவன். இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். கல்முனைக்குடி வீடு றிஸ்லாவுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வாப்பா கண்மூடி மௌத்தானார். வீட்டு உறுதிப் பத்திரம் உம்மாவின் பேரில் இருந்தது. தன் அரிசி மில்லைப் பெரிதாக்க ஒரு கையெழுத்து வேண்டுமென்று முஸ்தாக் உம்மாவைக் கூட்டிப் போனான். மகன் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்து வைத்தாள். வீடு அவன் பேருக்குப் போன சங்கதி, மாப்பிள்ளை வீட்டார் உறுதியைக் காட்டச் சொன்ன அன்றுதான் வெளியே வந்தது. அவர்கள் தேநீரைக் குடித்தார்கள், எழுந்து போனார்கள். றிஸ்லாவின் கலியாணம் அதோடு சரி.

இப்போது அந்த வீட்டில் நெல் மூட்டை குடியிருக்கிறது. உம்மாவும் மகளும் சாய்ந்தமருதில் வாடகை அறையில் இருக்கிறார்கள். ஊருக்கே தெரியும். ஆனால் மில் முதலாளியின் முகத்துக்கு நேரே எவன் கேட்பான்? கேட்க வைக்க வேண்டும் என்ற ஒரே நெருப்புத்தான் றிஸ்லாவின் வயிற்றில் எரிந்தது.

அவள் வேலை பார்ப்பது றுமைஸின் அச்சகத்தில். கலியாணக் கார்ட் முதல் மிளகாய்த்தூள் பை வரை கணினியில் வடிவமைப்பது அவள்தான். அவள் உள்ளறையில் இருப்பது தெரிந்து முஸ்தாக் படியேறினானா, தெரியாமல் ஏறினானா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

"இங்கிலீசில பெரிய பேரா வேணும் றுமைஸ். கோல்டன், றோயல், அப்பிடி."

றுமைஸ் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னார்.

"கோல்டன ஆளாளுக்குப் போட்டிரிக்காங்க" என்றாள் றிஸ்லா. "லேசான சொல்லா, எல்லாரும் ஒவ்வொரு நாளும் சொல்ற சொல்லா இருந்தாத்தான் வாயில நிக்கும். 'உம்மா' எண்டு போடுங்க."

றுமைஸ் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. அந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்ததே அவர்தான். அன்று தலைகுனிந்து வெளியே வந்தவரும் அவர்தான்.

"நல்ல பேர்தான் தங்கச்சி. ஆனா ஒங்கட காக்காக்கு..."

"அவருக்குத்தான் வேணும்."

அவள் மனம் வைத்து வேலை செய்தாள். பழிவாங்கச் செய்யும் வேலையில் பிழை இருக்கக் கூடாது. பச்சை நிறத்தில் கொழுத்த எழுத்து, கீழே சோறு போடும் ஒரு கை. பார்த்தவுடன் வயிறு பசிக்கும் பை.

முஸ்தாக் மலர்ந்துபோனான். "உம்மா. ஓம், சோக்கா இரிக்கி. இத வேணாமெண்டு ஆரு சொல்லுவான்? ஆயிரக்கணக்கில அடிங்க."

கதவுக்குப் பின்னால் நின்று றிஸ்லா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை வாய் நிறையச் சொன்னவனுக்கு, சொந்த உம்மா ஒரு நொடிகூட நினைவில் வரவில்லை. வீடு போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. மிச்சமிருந்த இரக்கமும் அந்த இடத்திலேயே செத்தது.

நோன்புக்கு முன் பைகள் கடைகளுக்குப் போயின. அரிசி நன்றாகவே விற்றது, கூடவே கேள்வியும் கிளம்பியது. வாயைத் திறக்க இத்தனை நாளும் சாட்டில்லாமல் இருந்த ஊருக்கு இப்போது கையில் பை இருந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் ஒருவர், "முஸ்தாக், உம்மா சொகமா? எங்க இரிக்காங்க இப்ப?" என்றார். மீன் சந்தையில் கேட்டார்கள், சாவு விழுந்த மையத்து வீட்டில் கேட்டார்கள். அவன் மனைவியைக்கூட விடவில்லை.

எல்லாவற்றையும்விட அவனைச் சுட்டது தம்பிலுவில் கடைக்கார வேலப்போடி கேட்டதுதான். அந்த மனிசனுக்கு ஊர்க்கதை எதுவும் தெரியாது. "தாயில இவ்வளவு பட்சமா தம்பி? ஒருநாளைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. கடைக்கு முன்னால வெச்சி ஒரு படம் எடுப்பம்" என்றார். முஸ்தாக் லொறியில் ஏறினான்.

மறுநாள் வாடகை அறைக்கு வந்தான். அவன் கையில் அவனுடைய அரிசிப் பையே இருந்தது.

"உம்மா, வீட்ட போவம், வாங்க."

"எந்த வீட்ட மகன்?" என்றாள் உம்மா முனவ்வறா. "ஒண்ட பொண்டாட்டிட வீட்ட வந்து நான் இருக்கமாட்டன். எண்ட வீட்டில நெல்லுதானே இரிக்கி?"

மில் முதலாளி அரிசிப் பையை வாசற்படியில் வைத்தான். வந்த வழியே திரும்பினான்.

பெருநாள் கழிந்ததும் வீட்டிலிருந்த நெல் மூட்டைகளை லொறியில் ஏற்றினான். நொத்தாரிசிடம் போய் வீட்டை றிஸ்லாவின் பேருக்கு எழுதினான். இந்தத் தரம் ஒவ்வொரு வரியையும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே முனவ்வறா சாட்சிக்கு ஒப்பம் வைத்தாள். ஊர் அவனை மெச்சியது. றிஸ்லா மெச்சவில்லை. எழுந்து போன மாப்பிள்ளைக்கு இப்போது அக்கரைப்பற்றில் கைக்குழந்தை இருக்கிறது. அதை எந்த நொத்தாரிசு திருப்பி எழுதுவான்?

குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை பகல் முஸ்தாக் வந்தான். உம்மா அவனுக்குச் சோறு போடச் சொன்னாள். றிஸ்லா போட்டாள். உம்மா கறி எடுக்கக் குசினிக்குப் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"றுமைஸ் சொன்னான், அது ஒண்ட வேலையாம். செஞ்சது காணும் புள்ள, போதும். இனி வேற பேர் ஒண்டு போட்டுத் தா."

"போட்டுத் தாறன் காக்கா. எனக்கென்ன?" றிஸ்லா சோற்றுப் பீங்கானை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆனா கடைக்குக் கடை கேப்பாங்க, உம்மா எங்க எண்டு. வேலப்போடியரும் கேப்பார். என்ன சொல்லுவீங்க?"

முஸ்தாக்கின் கை சோற்றிலேயே நின்றது. பேரை வைத்திருந்தால் உம்மாவைக் கேட்பார்கள். எடுத்தால் அதைவிடக் கேட்பார்கள். மில் ஓடுமட்டும், அவன் கண் மூடுமட்டும், இதுதான்.

"தின்னுங்க காக்கா" என்றாள் அவள். "ஒங்கட அரிசிதான்."